யாருக்காக நடக்கிறோம்

– கையை வீசி நட மாப்ள. பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டுப் போனா அதுக்குப் பேரு நடையா? யாரையோ எதிர்பார்த்து நிக்கிற மாதிரி இருக்கு.

– குளிருது அத்தான்.

– அப்ப வெயில் பக்கமா வா. சுவர் ஓரமா நிழல்லயே போனா எப்படி? முகத்துல வெயில் படணும்.

– நீங்களும்தான் நிழல்ல வர்றீங்க. முதல்ல நீங்க இந்தப் பக்கம் வாங்க.

– என்னை விடு. நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள்ள லைட்டுக்குக் கீழயே உட்கார்ந்து உட்கார்ந்து பழகினவன்.

– இல்ல, வாங்க. வெயில் முக்கியம்னு அக்கா சொல்லியிருக்கா.

– உன்கிட்டயும் சொல்லிட்டாளா? நல்லதாப் போச்சு. அப்ப ரெண்டு பேருமே நடுரோட்டுல போவோம். வண்டிக்காரன் திட்டினா திட்டட்டும்.

– மெதுவாவே போகலாம் அத்தான். அவசரம் ஒண்ணுமில்ல.

– எனக்கும் அவசரமில்ல. உனக்கு எந்த வேகம் சரியோ அந்த வேகம்.

– உங்களுக்கு எது சரியோ அதுவே எனக்கும் சரி.

– இப்படியே பேசிக்கிட்டிருந்தா இந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரை இன்னைக்குத் தாண்ட மாட்டோம். அதாவது மாப்ள, சும்மா ஒண்ணு கேட்கிறேன். காலையில குளிச்சியா?

– குளிச்சேன். நீங்க குளிச்சீங்களா?

– நான் குளிக்காம எங்க போவேன்?

– தப்பா எடுத்துக்காதீங்க. குழாய் ரொம்ப நேரமா ஓடுற சத்தம் கேட்டுது. நீங்கதான்னு நினைச்சேன்.

– நான் இல்லப்பா. நான் உள்ள போறதும் தெரியாது, வெளிய வர்றதும் தெரியாது. தண்ணி மேல பட்டுச்சா, துடைச்சோமா, முடிஞ்சுது. எனக்கும்தான் சத்தம் கேட்டுது. நான் நீன்னு நினைச்சேன்.

– நானும் இல்ல.

– சரி விடு. மேல் வீட்டுல யாராவது திறந்து விட்டிருப்பாங்க. அந்தக் கட்டடத்துல எந்தக் குழாய்ச் சத்தம் எந்த வீட்டுலன்னு கட்டினவனுக்கே தெரியாது. வேலை எப்படிப் போகுது?

– போகுது. நேத்து அந்தத் துணிக்கடைக் கட்டடத்துல லிஃப்ட் பார்த்தோம். ஆறாவது மாடியில போய் நின்னுக்கிட்டு இறங்க மாட்டேங்குது. ஒண்ணும் பெருசா இல்ல, கதவு சென்சார்ல தூசி.

– தூசிக்கா நின்னுச்சு?

– ஆமா. கதவு சரியா மூடலைன்னு அதுக்கு ஒரு நினைப்பு. உண்மையில மூடித்தான் இருந்துச்சு.

– அட. மனுஷங்களுக்கும் அப்படித்தான் மாப்ள. ஒண்ணுமே இருக்காது, ஆனா ஏதோ இருக்குன்னு ஒரு நினைப்பு வந்துடும். இல்ல, ஒண்ணுமில்லன்னு நான் சொல்லல. இருக்கும். இருந்தாலும் தப்பில்ல. நான் என்ன சொல்ல வந்தேன்னா... என்ன சொல்ல வந்தேன்?

– தெரியல அத்தான்.

– அதாவது, நீ எது வேணும்னாலும் என்கிட்ட சொல்லலாம். நான் பதில் சொல்ல மாட்டேன். பதில் சொல்லக் கூடாதாம். கேட்டுக்க மட்டும்தான் செய்யணுமாம்.

– நீங்களும் என்கிட்ட சொல்லலாம். நானும் பதில் சொல்ல மாட்டேன்.

– பரவால்ல, நீ முதல்ல சொல்லு.

– உங்களுக்கு ஏதாவது இருந்தா நீங்க சொல்லுங்க. நான் அவசரப்படுத்தல.

– எனக்கு என்ன இருக்கு? முந்தாநாள் ஒருத்தர் வந்து, நீங்க போட்ட கண்ணாடியில எல்லாம் சரியாத் தெரியுது, ஆனா எனக்குத்தான் பிடிக்கலைன்னு திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டார். அதுதான் இந்த வாரத்துல பெரிய கஷ்டம்.

– அது உங்க மனசை ரொம்பப் பாதிச்சுதா?

– எது?

– அவர் திருப்பிக் குடுத்தது.

– கண்ணாடிக்கா மனசு பாதிக்கும்? நீ வேற. வா, ரொட்டிக் கடை வந்துடுச்சு. இன்னைக்கு நீ உள்ள போய் வாங்கிட்டு வா.

– நீங்க வாங்குங்க அத்தான்.

– இல்ல இல்ல, நீ போ. இது உன் வேலை.

– நான் எப்ப வேணும்னாலும் வாங்குவேன். நீங்க போய் நாலு வார்த்தை பேசி வாங்கினா நல்லா இருக்கும்.

– நாலு வார்த்தைக்கு எனக்கு என்ன பஞ்சம்? நாள் முழுக்க கடையில வர்றவங்க கண்ணுல வில்லையை மாத்தி மாத்தி வெச்சு, இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கான்னு கேட்டுக்கிட்டேதானே இருக்கேன். நீதான் மெஷின் ரூம்ல தனியா கிடக்குற ஆளு. போ.

– நேத்தும் இதே மாதிரி நீ போ நான் போன்னு நின்னுட்டு, ரொட்டி இல்லாமலே வீட்டுக்குப் போனோம்.

– ஆமா. உங்க அக்கா ஒண்ணும் சொல்லல.

– சொல்லல. ரொட்டி இல்லாததைக் கவனிச்ச மாதிரியே தெரியல.

– கடைக்காரர் பார்க்கிறார் பாரு. இவங்க வாங்க வந்தாங்களா, கடையை எடை போட வந்தாங்களான்னு நினைப்பார். சரி, திரும்பி வரும்போது வாங்கிக்கலாம். இப்ப பார்க் வரைக்கும் போயிட்டு வந்துடுவோம்.

– உங்களுக்கு முட்டி வலிக்குதா? நொண்டுற மாதிரி இருக்கு.

– அது கிடக்கட்டும்.

– வலிச்சா உட்கார்ந்துக்கலாம்.

– உட்காரக் கூடாது. நடுவுல உட்கார்ந்தா உனக்கு நடை விட்டுப் போயிடும்.

– எனக்கா? எனக்கு ஒண்ணும் விட்டுப் போகாது. நீங்க கஷ்டப்பட்டு நடக்காதீங்க.

– மாப்ள, இந்த முட்டியை வெச்சுக்கிட்டு தினமும் காலையில எழுந்து வர்றேன்னா அது யாருக்காக? உனக்காகத்தான். நான் சொல்லிக் காட்டல. நல்லா கவனி, சொல்லிக் காட்டல. ஆனா நீயும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்.

– எனக்காகவா?

– பின்ன?

– அத்தான், நான் காலை ஷிஃப்ட் வேண்டாம்னு கேட்டு மாத்திக்கிட்டதே இந்த நடைக்காகத்தான். உங்களுக்காக.

– எனக்காகவா? எனக்கு எதுக்கு நடை?

– இல்ல, விடுங்க. சும்மா சொன்னேன்.

– விட முடியாது. எனக்கு எதுக்குன்னு சொல்லு.

– நான் சொல்லக் கூடாது. அக்காகிட்ட சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

– நானும்தான் வாக்குக் குடுத்திருக்கேன்.

– எதுக்கு?

– உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு.

– என்னத்தை?

– இப்ப உன்கிட்ட சொன்னா வாக்குத் தவறின மாதிரி ஆகாதா? இரு, யோசிக்கிறேன். வா, இந்தப் பாலத்துச் சுவர்ல உட்காருவோம். முட்டி நிஜமாவே வலிக்குது.

– உட்காருங்க. தண்ணி குடிங்க.

– குடிச்சாச்சு. மாப்ள, இப்ப நேராவே கேட்கிறேன். கோவப்படக் கூடாது. உனக்கு மனசு சரியில்லைதானே?

– எனக்கா?

– அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. காய்ச்சல் வர்ற மாதிரி அதுவும் ஒண்ணு. உங்க அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டா. அந்த வாடகை ரூம்ல தனியாக் கிடந்து ரொம்ப முடியாமப் போயிட்டான், நான் அவனை இங்க கூட்டிட்டு வர்றேன், நீங்க தினமும் கூட நடங்க, எதுவும் கேட்காதீங்கன்னு. அதனாலதான் உன்னைக் கூட்டிட்டு வரச் சம்மதிச்சேன். சம்மதம் என்ன, நானே வந்து உன் பெட்டியைத் தூக்கலையா?

– அத்தான், நான் நல்லாத்தான் இருந்தேன்.

– சரி சரி.

– நிஜமா. அந்த ரூமைக் காலி பண்ணினதே நீங்க முடியாம இருக்கீங்கன்னு அக்கா போன் பண்ணினதாலதான். அத்தானுக்கு மனசு சரியில்லடா, வீட்டுல இன்னொரு ஆள் இருந்தா தேவலை, நீ வந்து இருன்னு சொன்னா. அவர்கிட்ட காட்டிக்காத, உனக்கு வேற இடம் கிடைக்கலைன்னு சொல்லிக்கன்னா.

– எனக்கு மனசு சரியில்லன்னா?

– ஆமா.

– எனக்கு என்ன குறைச்சல்? நல்லா சாப்பிடுறேன், குறட்டை விடுறேன்.

– உள்ள இருக்கிறவங்களுக்கே தெரியாதுன்னு சொன்னா. கேட்டா இல்லவே இல்லன்னுதான் சொல்லுவாங்களாம்.

– நீயும் அதைத்தானே இப்ப சொல்ற? நல்லாத்தான் இருந்தேன்னு. என்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கா. அவன் சிரிச்சுக்கிட்டே இல்லம்பான், நம்பாதீங்கன்னு.

– நான் சிரிக்கவே இல்லையே.

– அதுவும் ஒரு அடையாளம்தான்.

– அத்தான், பட்டனை விடாம அழுத்தினா லிஃப்ட் சீக்கிரம் வந்துடாது. நீங்க எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு இல்லாதது இருக்குன்னு ஆகாது. முதல்ல உங்களைப் பத்தி உண்மையைச் சொல்லுங்க. ஏன்னா நான் பயந்துக்கிட்டு இருக்கேன்.

– என்ன பயம்?

– உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. நீங்க கடையில இருந்து வரக் கொஞ்சம் லேட்டானாலும் நான் பால்கனியில போய் நின்னுப்பேன். அக்காவை நினைச்சாப் பயமா இருக்கும். தனியா எப்படிச் சமாளிப்பான்னு.

– நீ பால்கனியில நிக்கிறதைப் பார்த்து நான் பயந்தேன் மாப்ள.

– என்னைப் பார்த்தா?

– இவன் ஏன் கீழயே பார்த்துக்கிட்டு நிக்கிறான்னு. தெருமுனையிலயே உன்னைப் பார்த்துட்டு ஓடி வருவேன். மூச்சு வாங்கும். அதைப் பார்த்துட்டு நீ எனக்குத் தண்ணி கொண்டு வந்து குடுப்ப. நானும் இவனுக்கு நல்ல மனசு, கஷ்டத்துலயும் மத்தவங்களைக் கவனிக்கிறான்னு நினைச்சுப்பேன்.

– இது என்ன அத்தான் கூத்து.

– எனக்கும் தலை சுத்துது. ஒண்ணு பண்ணுவோம். உன்கிட்ட என்னைப் பத்தி என்னென்ன சொன்னா, சொல்லு. ஒவ்வொண்ணா பார்ப்போம். வில்லை போட்டுப் பார்க்கிற மாதிரி. எது சரியாத் தெரியுதுன்னு கண்டுபிடிச்சுடலாம்.

– சொன்னாக் கோவப்படக் கூடாது.

– படல.

– குழாயைத் திறந்து விட்டுட்டுக் குளிக்காம அப்படியே நிக்கிறார், தண்ணி பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்குன்னா.

– இல்ல. தண்ணியை வீணாக்கினா எனக்கு ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். அடுத்து.

– போன் அடிச்சா எடுத்துக் கையில வெச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கார், யார்னு தெரிஞ்சும் எடுக்கிறதில்லன்னா.

– நான் ராங் நம்பர்கிட்டயே குசலம் விசாரிக்கிற ஆளு. அடுத்து.

– தலை சீவ ஆரம்பிக்கிறார். பாதியில சீப்போட கை நின்னுடுது. அப்படியே கண்ணாடி முன்னாடி உட்கார்ந்திருக்கார்னா.

– மாப்ள, என்னை நல்லாப் பாரு.

– பார்க்கிறேன்.

– என் தலையைப் பாரு. இதுல சீவ என்ன இருக்கு?

– அதான் அத்தான் எனக்கும் குழப்பமா இருந்துச்சு. பழைய ஞாபகத்துல சீவுறாரோன்னு நினைச்சேன். அது இன்னும் பாவமா இருந்துச்சு.

– இது ரொம்ப அநியாயம். என் கல்யாண ஃபோட்டோலயே முடி இல்ல. சரி, உன்னைப் பத்தி என்கிட்ட சொன்னதைக் கேளு. அடுப்பைப் பத்த வெச்சுட்டு, மேல ஒண்ணும் வைக்காம, நெருப்பையே பார்த்துக்கிட்டு நிக்கிறான்னா.

– நான் சமையல்கட்டுக்குள்ளயே போறதில்ல. அந்த அடுப்பு எந்தப் பக்கம் திருப்பினா எரியும்னே எனக்குத் தெரியாது.

– எனக்கும் சந்தேகம்தான். இவன் டீயே போட மாட்டானே, எப்ப அடுப்புகிட்ட போனான்னு. அப்புறம், காலையில கண் முழிச்சாலும் எழுந்திருக்க முடியல, கையும் காலும் யாரோடதோ மாதிரி கிடக்குன்னு சொன்னான்னா.

– நான் அப்படியெல்லாம் பேசவே மாட்டேன் அத்தான். எனக்கு அவ்வளவு வார்த்தை வராது.

– அது சரிதான். நீ வாய் திறந்தா தெரியல, இல்லை, சும்மா, இந்த மூணுதான். அப்புறம், சிரிக்கிறவங்களைப் பார்த்தா இவங்களால எப்படி முடியுதுன்னு கேட்கத் தோணுதுன்னு சொன்னானாம்.

– யார்கிட்ட?

– அவகிட்ட. நீ.

– நான் சொல்லவே இல்ல.

– ஒரு வார்த்தை கூடவா?

– ஒரு வார்த்தை கூட இல்ல.

– எனக்கு அதைக் கேட்டப்ப ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு மாப்ள. நிஜமாச் சொல்றேன், கடையில உட்கார்ந்து, வந்தவருக்கு எந்த எழுத்து தெரியுதுன்னு கேட்க மறந்துட்டு அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். இவ்வளவு நாள் இவன்கூடப் பேசாம இருந்துட்டோமேன்னு.

– நாம ஏன் பேசாம இருந்தோம்?

– யாருக்கு ஞாபகம் இருக்கு? உங்க பெரியப்பா பொண்ணு கல்யாணத்துல நான் ஏதோ சொன்னேன். நீ ஏதோ சொன்ன. அப்புறம் நீ வரல, நான் கூப்பிடல. வருஷம் ஓடிப் போச்சு.

– நடுவுல அக்காதான் அங்கயும் இங்கயும் அல்லாடினா.

– ஆமா. உன்னைப் பார்க்க வர்றதையே என்கிட்ட சொல்லாமத்தான் வருவா. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பேன்.

– அத்தான், இன்னொண்ணு. டாக்டர்.

– ஆமா, டாக்டர். உனக்காக அவ வாராவாரம் ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வர்றா.

– எனக்காக இல்ல, உங்களுக்காக. நீங்க வர மாட்டேன்னு பிடிவாதமா இருக்கீங்க, அதனால அவளே போய் உங்க நிலைமையைச் சொல்றா. அவர் சொல்றதை வந்து என்கிட்ட சொல்லுவா. காலையில நடக்கணும், வெயில் படணும், ஏதாவது ஒரு சின்ன வேலையை அவரே பண்ணி முடிக்கணும், முடிச்சதும் ஆஹா ஓஹோன்னு புகழாதன்னு.

– அந்த ரொட்டி அதுதானா?

– ரொட்டி அதுதான்.

– என்கிட்டயும் அதேதான். ஏன் இப்படி இருக்கன்னு கேட்காதீங்க, மனசைத் திடமா வெச்சுக்கன்னு புத்தி சொல்லாதீங்க, பக்கத்துல இருங்க, அவ்வளவுதான் வேணும்னு. சொல்லும்போது கண்ணு கலங்கிடும் அவளுக்கு. தம்பி மேல எவ்வளவு பாசம்னு நினைச்சேன்.

– அத்தானுக்காகச் சொல்லும்போதும் கலங்கிடும்.

– ஆனா மாப்ள, நான் அப்பவே அவகிட்ட ஒண்ணு கேட்டேன். ஒருத்தருக்குக் கண்ணாடி வேணும்னா அவர் கண்ணைத்தான் பார்க்கணும். இன்னொருத்தர் வந்து உட்கார்ந்து, அவருக்கு இப்படித் தெரியுது, அப்படித் தெரியுதுன்னு சொன்னா நான் வில்லை போட முடியுமா? ஆளைப் பார்க்காம அந்த டாக்டர் எப்படி வைத்தியம் பண்றார்னு கேட்டேன்.

– அதுக்கு என்ன சொன்னா?

– அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டுத்தான் சொல்றார்னு சொல்லிட்டுச் சமையல்கட்டுக்குப் போயிட்டா.

– புரியல.

– எனக்கும்தான். ஆனா இப்பப் புரியுது. நல்லா கவனி. உனக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கும் ஒண்ணும் இல்ல. சரியா?

– சரி.

– அப்ப டாக்டரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எல்லாம் அவ கட்டின கதை. ஏன் கட்டினா? நாம ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சோம். வந்து பேசுங்கன்னா பேசியிருப்போமா?

– மாட்டோம்.

– அதான். உனக்கு நான் நோயாளி, எனக்கு நீ நோயாளி. நோயாளிகிட்ட யாராவது வீம்பு காட்டுவாங்களா? ஒரே வீட்டுல வெச்சு, ஒரே ரோட்டுல நடக்க விட்டு, ஒரே ரொட்டிக்கு மல்லுக்கு நிக்க வெச்சு, சேர்த்து வெச்சுட்டா பாரு. கில்லாடி.

– அப்படித்தான் இருக்குமோ?

– வேற எப்படி இருக்கும்?

– ஆனா அந்தக் குழாய், சீப்பு, அடுப்பு. அதெல்லாம் அவளுக்கு எங்கிருந்து வந்துச்சு அத்தான்? கேட்டா நேர்ல பார்த்த மாதிரி இருக்கே.

– எங்கயாவது படிச்சிருப்பா. டிவியில பார்த்திருப்பா. உங்க அக்காவுக்குக் கற்பனை கொஞ்சம் ஜாஸ்தி. எனக்கே சீப்பு குடுத்தவ இல்லையா?

– அது சரி.

– ஏன் இழுக்குற?

– தெரியல. ஏதோ ஒண்ணு சரியா உட்கார மாட்டேங்குது.

– உனக்கு எது சரியா உட்கார்ந்திருக்கு? ஒண்ணு சொல்லட்டுமா மாப்ள? நோயே இல்லாட்டியும் எனக்கு இந்த நடை நல்லா இருக்கு. முட்டியைத் தவிர. வீட்டுல பேச ஒரு ஆம்பள ஆள் இல்லாம நான் கடையில பொம்மை முகத்துக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு அதுகூடப் பேசிக்கிட்டிருந்தேன். இப்பக் காலையில எப்படா விடியும்னு இருக்கு.

– எனக்கும்தான். நல்லாத்தான் இருந்தேன்னு சொன்னேனே, முழுசா அப்படிச் சொல்ல முடியாது. ரூம்ல ஞாயித்துக்கிழமை யார் குரலும் கேட்காம முடிஞ்சு போகும். அது ஒரு மாதிரி இருக்கும். இப்ப உங்க குறட்டை கேட்குது.

– அது தொந்தரவா இருக்கா?

– இல்ல. கேட்கட்டும்.

– அப்ப அவ பொய்யும் முழுப் பொய் இல்ல. எழு. இன்னைக்குப் பார்க் வேண்டாம். இப்படியே திரும்புவோம். நேரா போய் அவளைப் பிடிப்போம். இன்னும் நாம வர நேரமாகும்னு நினைச்சுக்கிட்டிருப்பா.

– ரொட்டி?

– நீயும் வா, நானும் வர்றேன். ரெண்டு பேருமா போய் ஆளுக்கு ஒண்ணு வாங்குவோம். யாரும் யாரையும் புகழ வேண்டாம்.

– கொஞ்சம் வேகமா நடக்கலாமா அத்தான்?

– என்ன திடீர்னு? முட்டி இருக்குப்பா எனக்கு.

– என் தோளைப் பிடிச்சுக்குங்க. சும்மாதான். சீக்கிரம் போகலாம்னு இருக்கு.

– சரி, இழுத்துட்டுப் போ. அவ முகம் எப்படிப் போகுதுன்னு பார்க்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கு.

– வீடு வந்தாச்சு அத்தான். லிஃப்ட்ல போயிடலாம். இதை நான்தான் போன வாரம் சரி பண்ணினேன், நம்பி ஏறுங்க.

– நம்பி ஏறியாச்சு. ரொட்டியை நசுக்காத. இறங்கு, நம்ம மாடி வந்துடுச்சு. கதவைத் தள்ளு.

– திறக்கல. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. அக்கா? அக்கா?

– யாரு?

– நாங்கதான்கா.

– அதுக்குள்ளயா வந்துட்டீங்க? பார்க் வரைக்கும் போகலையா?

– போகல. பாலத்துச் சுவர்ல உட்கார்ந்து உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம். கதவைத் திறம்மா.

– ஏங்க, தம்பிக்கு முடியலையா?

– தம்பிக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்னு இன்னைக்குக் காலையிலதான் கண்டுபிடிச்சோம்.

– என்ன சொல்றீங்க?

– அக்கா, அத்தானுக்கு மனசு சரியில்லன்னு என்கிட்ட சொன்ன. எனக்குன்னு அவர்கிட்ட சொன்ன. ரெண்டு பேரும் பேசி எல்லாத்தையும் ஒத்துப் பார்த்துட்டோம்.

– எல்லாத்தையுமா?

– எல்லாத்தையும். அந்தச் சீப்பு வரைக்கும். அதுல மாட்டிக்கிட்ட நீ. வேற என்ன வேணும்னாலும் சொல்லியிருக்கலாம்.

– கோவமா இருக்கீங்களா?

– எதுக்குக் கோவம்? இந்த வீட்டுல இவ்வளவு பெரிய மூளை இருக்குன்னு தெரியாமப் போச்சேன்னுதான். பேசாம இருந்தவங்களைப் பேச வெச்சுட்ட. உன் திட்டம் பலிச்சுடுச்சு, ஒத்துக்க.

– எது திட்டம்?

– எங்களைச் சேர்த்து வெச்சது. நடிக்காத. தாழ்ப்பாளை எடு, ரொட்டி சூடா இருக்கு.

– கொஞ்சம் இருங்க.

– பகல்ல எதுக்குத் தாழ்ப்பாள் போட்டு வெச்சிருக்க?

– நீங்க ரெண்டு பேரும் கிளம்பினதும் தினமும் போடுவேன்.

– நாங்க வரும்போது திறந்துதானேக்கா இருக்கும்?

– நீங்க வர்ற நேரத்துக்கு முன்னாடி எடுத்துடுவேன். இன்னைக்குத்தான் நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க.

– பார்த்தியா மாப்ள, நம்மளை வெளிய அனுப்பிட்டு நிம்மதியா ஒரு தூக்கம் போடுறா. அதுக்குத்தான் பார்க், வெயில் எல்லாம். சரி, தூங்கினது போதும், திற.

– அக்கா, உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

– ஒண்ணுமில்லடா. ரொட்டியை அங்கயே வெச்சுட்டு, ரெண்டு பேரும் கீழ போய் இன்னும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. நான் இன்னும் அழுது முடிக்கல.